மாமியின் வீட்டுக் காப்பீடும் நம் அமானிதமும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வூரில் தனியே வசிக்கும் எங்கள் மாமியின் வீட்டுக்குள்ளும் நீர் இடுப்பளவுக்குப் புகுந்தது. அண்டை வீட்டார் அவரை மாடிக்கு அழைத்துச் சென்று காப்பாற்றினார்கள். கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, மாமா வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த கிதாபுகள் என யாவும் பாழாயின. உயிருக்கு ஊறு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நான்கு மாதங்கள் கழித்து, ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த காகிதங்களைப் பிரித்து உலர்த்தும்போதுதான் ஒரு செய்தி எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த வீட்டுக்குக் காப்பீடு இருந்தது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கியிருந்தது. மாமியின் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் அதற்கான பிரீமியம் தானாகவே பிடிக்கப்பட்டு வந்திருந்தது. ஆனால் வெள்ளம் வந்தபோது நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல அவருக்கும் தெரியவில்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்த எங்களுக்கும் தெரியவில்லை. நனைந்த பொருள்களை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டோம். ஒரு நிழற்படம்கூட எடுத்துவைக்கவில்லை.

"இதையெல்லாம் உங்க மாமாதான் பார்த்துக்கிட்டு இருந்தார், வாப்பா. பேங்கில் பிடிக்கிறாங்கன்னு தெரியும். எதுக்குப் பிடிக்கிறாங்கன்னு நான் யாரைக் கேட்பேன்?" என்றார் மாமி. அவர் குற்றம் சாட்டும் தொனியில் அதைச் சொல்லவில்லை. ஆயினும் குற்றம் எங்களுடையது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. மாதந்தோறும் பணம் அனுப்பினோம். பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம். அவருடைய காகிதங்களை மட்டும் ஒருமுறையும் கேட்டுப் பார்க்கவில்லை.

அதன் பின்னர் அமர்ந்து பார்த்ததில், மாமி காப்பீட்டுக்காகச் செலுத்திவந்த தொகையில் பெரும்பகுதி தேவையற்றது என்பதும் புலப்பட்டது. அதைக் குறைத்தோம். எப்படிக் குறைத்தோம் என்பதையும், குறைக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். நம் குடும்பங்கள் பலவற்றில் இதே நிலை இருக்கக்கூடும் என்பதே காரணம்.

முதலில், வீடு யாருடையது?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் திருமணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஆகவே அவ்வூர்களில் வீட்டின் உரிமையாளர் பெரும்பாலும் பெண்தான். ஆனால் வரி ரசீது, மின் இணைப்பு, காப்பீடு, வங்கி ஆகியவற்றைக் கவனிப்பவர் கணவராகவோ மகனாகவோ இருக்கிறார். கணவர் மறைந்து, மகன் வெளிநாடு சென்றதும், தன் சொந்த வீட்டின் காகிதங்களுக்கே அந்நியராக அந்தப் பெண் நின்றுவிடுகிறார்.

மாமியின் வீட்டிலும் அதுவே நேர்ந்திருந்தது. பத்திரம் மாமியின் பெயரில். பாலிசி மாமாவின் பெயரில். மாமா 2022இல் வஃபாத்தானார். கூட்டுக் கணக்கு என்பதால் பணம் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. காப்பீட்டில் எவருடைய சொத்துக்கு இழப்பு நேர்கிறதோ அவரே உரிமை கோர வேண்டும் என்பது அடிப்படை. வெள்ளத்தின்போது நாங்கள் உடனே தகவல் கொடுத்திருந்தாலும், பெயர் மாறிக் கிடந்த அந்தப் பாலிசியால் சிக்கல் எழுந்திருக்கலாம். ஆகவே பிரீமியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, பத்திரத்தையும் பாலிசியையும் அருகருகே வைத்துப் பெயர்களை ஒப்பிடுவதாகும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. அதில், தானே வாசகம் சொல்ல இயலாத நிலையில் ஒருவர் இருந்தால், அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதியுடன் சொல்ல வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. முதியோருக்காகப் படிவம் நிரப்பும் ஒவ்வொருவரும் இந்தக் கட்டளையை நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு நம்முடையது. முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்பது நீதியான பேச்சன்று. மாமியிடம் ஒவ்வொரு காகிதத்தையும் தமிழில் வாசித்துக் காட்டினோம். இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அவர் கேட்ட கேள்விகளில் பல எங்களுக்குத் தோன்றாதவை.

மூன்று பிரீமியங்கள்

மாமியின் கணக்கிலிருந்து ஆண்டுக்கு மூன்று தொகைகள் போய்க்கொண்டிருந்தன.

முதலாவது, கட்டடத்துக்கான பாலிசி. அதில் காப்பீட்டுத் தொகை 90 இலட்சம் ரூபாய் என்று இருந்தது. அது வீட்டை விற்றால் கிடைக்கக்கூடிய விலை. அதாவது மனையின் மதிப்பும் சேர்ந்தது. வெள்ளமோ தீயோ மனையைக் கொண்டுபோய்விடாது. காப்பீடு ஈடுசெய்வது கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவைத்தான். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. அதிலும் கணக்கு இதுவே: வீட்டின் தளப்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். மாமியின் வீடு 1,500 சதுர அடி. ஊரிலுள்ள கட்டட மேஸ்திரியிடமும் ஒரு பொறியாளரிடமும் விசாரித்துச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தோம். 30 இலட்சம் வந்தது. காப்பீட்டுத் தொகை மூன்றில் ஒன்றாயிற்று. பிரீமியமும் ஏறத்தாழ அந்த அளவுக்கே இறங்கிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைக்கவேண்டும் என்ற ஆசையில் சதுர அடிக்கு 800 ரூபாய் என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பணத்தில் இன்று எந்த மேஸ்திரியும் கட்டித் தரமாட்டார். தேக்குத் தூண்களும் மர வேலைப்பாடும் உள்ள பழைய வீடென்றால் செலவு இன்னும் கூடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டுப் பொருள்களுக்கென்று தனியாக எடுத்த 4 இலட்ச ரூபாய்ப் பாலிசி. பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்துக்கு எடுக்கும்போதே, அதன் தொகையில் 20 விழுக்காடு, அதிக அளவாக 10 இலட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே காப்பு கிடைக்கிறது. 30 இலட்சத்துக்கு 6 இலட்சம். மாமியின் வீட்டில் அதைவிட மதிப்புள்ள தட்டுமுட்டுச் சாமான்கள் இல்லை. ஆனாலும் உடனே நீக்கிவிடவில்லை. தனிப் பாலிசியில் திருட்டுக்கும் காப்பு இருந்தது. பாரத் கிருஹ ரக்ஷாவிலோ, தீ, வெள்ளம் போன்ற விபத்து நேர்ந்து அதனையொட்டி 7 நாள்களுக்குள் நிகழும் திருட்டுக்கு மட்டுமே ஈடு உண்டு. சாதாரணத் திருட்டு அதில் அடங்காது. இதை மாமியிடம் எடுத்துச் சொன்னோம். "நகையெல்லாம் லாக்கரில் இருக்கு. இந்தப் பித்தளைச் சாமானை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?" என்றார். அவர் சொன்ன பிறகே அந்தப் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டோம்.

மூன்றாவதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. மாமா மறைந்த சில வாரங்களில், கணக்கில் பெயர் மாற்றுவதற்காக மாமி வங்கிக்குச் சென்றிருக்கிறார். அங்கே ஒருவர், 'வீட்டுப் பாதுகாப்புக்கான திட்டம்' என்று சொல்லி ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கியிருக்கிறார். அது வீட்டுக் காப்பீடே அன்று. 10 ஆண்டுகள், ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டவேண்டிய ஆயுள் காப்பீட்டுச் சேமிப்புத் திட்டம். இத்தாவில் இருக்கவேண்டிய நாள்களில், தனிமையிலும் துயரத்திலும் இருந்த ஒரு பெண்ணிடம், அவர் கேட்காத ஒன்றைப் பொய்ப் பெயர் சூட்டி விற்றிருக்கிறார்கள்.

மாமியை அதிகம் வருத்தியது பணம் அன்று. "அதில் வட்டி இருக்கா?" என்று கேட்டார். போனஸ் என்ற பெயரில் வரும் தொகை பெரும்பாலும் வட்டி தரும் பத்திரங்களின் வருவாய்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் சேமிப்புக் கணக்கின் வட்டியைக்கூடத் தொடாமல் பிரித்துவைத்தவர் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாமல் செஞ்சதை அல்லாஹ் மன்னிப்பான். தெரிஞ்ச பிறகு வச்சிருக்கக் கூடாது" என்றார்.

இத்தகைய திட்டத்தை இடையில் முறித்தால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். எனவே முதலில் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்துமூலம் முறையிட்டோம். 'வாடிக்கையாளர் கையொப்பமிட்டிருக்கிறார்' என்ற பதில் வந்தது. பின்னர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் சென்றோம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் அவரை அணுகலாம். மனுவில் மாமி தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: கட்டிய பணம் மட்டும் போதும், அதன்மேல் எதுவும் வேண்டாம் என்று. சில மாதங்களில் அந்தப் பணம் திரும்பி வந்தது. எல்லாருக்கும் இப்படிக் கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு: ஆயுள் பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் படித்துப் பார்த்து வேண்டாமென்று திருப்பித் தரும் உரிமை இப்போது இருக்கிறது. முதியோர் வீட்டுக்கு வரும் தபாலை அந்த ஒரு மாதத்துக்குள் எவரேனும் பிரித்துப் பார்த்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

காப்பீடே கூடுமா என்ற கேள்வி

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: 'வணிகக் காப்பீடே மார்க்கத்தில் கூடாதெனும்போது, அதன் செலவைக் குறைப்பது பற்றி என்ன பேச்சு? ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டியதுதானே?' இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் பெரிய அளவில் நிச்சயமின்மை, அதாவது ஃகரர், இருப்பதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. மலேசியாவில் 1984இலேயே தகாஃபுலுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. இலங்கையிலும் தகாஃபுல் முறை பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது. நம் நாட்டிலோ, ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வீட்டுக்கென்று வாங்கும் வகையில் அப்படியொன்று சந்தையில் இல்லை. கலவரத்தாலும் தீயாலும் ஒரே இரவில் வீடிழக்கும் அச்சம் உள்ள சூழலைக் கருதி, உடைமைக் காப்பீட்டுக்கு இடமளித்த இந்திய உலமாக்களும் இருக்கிறார்கள், இடமளிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் ஃபத்வா சொல்லும் தகுதி உடையவர்கள் அல்லர். மாமி தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டார். கட்டடத்துக்கான பாலிசியைத் தேவையின் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும், என்றேனும் இழப்பீடு வந்தால் இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் கோரக் கூடாது என்றும் அவர் வழிகாட்டினார். வேறோர் ஆலிம் வேறு விதமாகச் சொல்லக்கூடும்; அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் கருத்து இவ்வளவே: கருத்து வேறுபாட்டைக் காரணங்காட்டிப் பிள்ளைகள் பொறுப்பிலிருந்து நழுவிவிடக் கூடாது. காப்பீடு கூடாது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், அந்த முடிவு பிரீமியத்தை நிறுத்துவதோடு முடிந்துவிடாது. நாளை வீட்டுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதைச் சீராக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை இருக்க வேண்டும். உடன்பிறந்தார் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்துவைப்பது ஒரு வழி. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்புகிறேன் என்றவரிடம், அதைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக திர்மிதீயில் வரும் செய்தி நமக்குத் தெரியும். எந்தக் கயிற்றால் கட்டுவது என்பதில் கருத்து வேறுபடலாம். கட்டாமல் விட்டுவிட்டு முதியவரிடம் தவக்குல் பற்றி உபதேசம் செய்வது அழகன்று.

மறுபுறம், காப்பீடு வேண்டாமென்று மனசாட்சிப்படி முடிவு செய்யும் ஒரு தாயின் பெயரில், துபாயில் இருந்துகொண்டு அவருக்குத் தெரியாமல் பாலிசி எடுப்பதும் முறையன்று. அன்பின் காரணமாகவே செய்தாலும், அது அவருடைய வீடு. மறுமையில் கணக்குச் சொல்லப்போகிறவரும் அவர்.

பொய்யால் குறைப்பது குறைப்பாகாது

பிரீமியத்தைக் குறைக்க வேறு சில வழிகளும் முகவர்கள் வாயிலிருந்து வரும். கீழ்த்தளத்தில் கடையோ கிடங்கோ வாடகைக்கு விட்டிருப்பதை எழுதவேண்டாம் என்பார்கள். ஓட்டுக் கூரையைக் கான்கிரீட் என்று எழுதச் சொல்வார்கள். முன்னர் நீர் புகுந்ததை மறைக்கச் சொல்வார்கள். மாமியின் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறை, ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. 'அதைச் சொன்னால் விலை ஏறும், விட்டுவிடுங்கள்' என்று எங்களுக்கும் ஆலோசனை வந்தது.

ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது கடைத்தெருத் தானியக் குவியலுக்கு மட்டும் உரியதன்று. உலகக் கணக்கில் பார்த்தாலும் இது நஷ்டமே. உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசியில் உரிமை கோரும் நாளில்தான் அந்த மறைப்பு வெளியே வரும். அப்போது நிறுவனம் கைவிரிக்க அது போதுமான காரணமாகிவிடும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்திவிட்டு, முழு வீட்டையும் காப்பற்றதாக ஆக்கிவிட்டு வருவோம். தையற்காரரின் அறையை எழுதியே கொடுத்தோம்.

எதைக் குறைக்கலாம், எதைத் தொடக் கூடாது

எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னரே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படை வாசகம் எங்கும் ஒன்றே என்பதால், ஒப்பிடுவது எளிது. ஜிஎஸ்டி 18 விழுக்காட்டையும் சேர்த்த தொகையையே ஒப்பிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி தரும் நிறுவனங்கள் உண்டு. 10 ஆண்டுகள் வரை எடுக்கலாம். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையும் கூடுதல் பிரீமியமின்றி ஆண்டுக்கு 10 விழுக்காடு உயர்ந்துகொண்டே வரும். கணக்குப்படி இதுவே இலாபம். மாமியிடம் சொன்னபோது சிரித்தார். "பத்து வருஷத்துக்கு நான் யாருக்கு வாக்குக் கொடுக்கிறது? ஒவ்வொரு வருஷமும் நீங்க வந்து இந்தக் காகிதத்தை வாசிச்சுக் காட்டுங்க. அது போதும்" என்றார். ஓராண்டுக்கே எடுத்தோம். தள்ளுபடியை இழந்தோம் என்று நாங்கள் கருதவில்லை.

வீட்டுக் கடன் அடைந்து முடிந்திருந்தால், பாலிசியில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். இல்லையேல் இழப்பீடு வங்கிக்குச் செல்ல நேரிடலாம். கடனுடன் சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட வேறு காப்பீடுகள் தொடர்கின்றனவா என்றும் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்திடமே காப்பீடு வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வங்கிக்கு உரிமை இல்லை.

வெள்ளம், புயல், தீ, கலவரம் ஆகியவற்றுக்கான காப்பை மட்டும் எக்காரணத்தாலும் குறைக்க முயலாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையையும், 2018 நவம்பரில் கஜா புயலில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பகுதிகளையும் கண்டோம். கடலோரத்தில் வாழும் நமக்கு இவை தொலைதூரத்துச் செய்திகள் அல்ல.

வீடு தொடர்ந்து பல வாரங்கள் பூட்டிக் கிடக்குமானால், அதை நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமா என்று பாலிசி வாசகத்தில் பாருங்கள். உம்ராவுக்கோ, பிள்ளைகளிடமோ சென்று மாதக்கணக்கில் தங்கும் முதியோருக்கு இது மிக அவசியம்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கே செலவிடுங்கள். பழைய மின்கம்பிகளை மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். எரிவாயு அடுப்பின் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழைநீர் வடிகாலைத் தூர்வாருங்கள். காப்பீடு இழப்புக்குப் பின் வருவது. இவை இழப்பையே தடுப்பவை. மாமியின் வீட்டில் காகிதப் பேழையைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு மாற்றினோம். வீட்டின் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பத்தார் நால்வரிடம் சேமித்துவைத்தோம். பாலிசி எண்ணையும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டினோம். இதற்கான செலவு ஒன்றுமில்லை. 2023இல் எங்களிடம் இல்லாமற்போனது இதுதான்.

மஹல்லாவுக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஜமாஅத்துகள் ஹஜ் விண்ணப்பத்துக்கு வழிகாட்டுகின்றன. கல்வி உதவித்தொகைப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கின்றன. ஆண்டுக்கு ஒருநாள், படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் கூடி, தனித்து வாழும் முதியோரின் காகிதங்களை வாசித்துச் சொல்லும் ஏற்பாட்டையும் செய்யலாம். காப்பீடு, வரி ரசீது, வங்கியில் தானாகப் பிடிக்கப்படும் தொகைகள் என எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னால் போதும். எதையும் விற்கக் கூடாது. எவரையும் கையொப்பமிடச் சொல்லக் கூடாது. பார்த்ததை வெளியே பேசக் கூடாது. பெண்களின் காகிதங்களைப் பெண்களே வாசித்துச் சொல்ல வாய்ப்பிருந்தால் மாமியைப் போன்றவர்கள் தயக்கமின்றி வருவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஊர்களுக்கு இது சிறிய உதவியன்று.

பெற்றோர் முதுமையடையும்போது அவர்களிடம் சலிப்பின் ஒரு சொல்லையும் உதிர்க்கக் கூடாதென்று இறைமறை (17:23) நம்மைத் தடுக்கிறது. இந்தக் காகித வேலையில்தான் அந்தச் சலிப்பு எளிதில் வாயில் வருகிறது என்பதை எங்கள் அனுபவத்தில் உணர்ந்தோம். ஒரே கேள்வியை மூன்றுமுறை கேட்கும்போது, கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருக்கும்போது, 'கடவுச்சொல்' என்றால் என்ன என்று விளக்கும்போது வருகிறது. அங்கே நாவைக் காத்துக்கொள்வதும் வணக்கமே.

இவ்வாண்டு புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. மாமி கண்ணாடியையும் பேனாவையும் எடுத்துவைத்துவிட்டு எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் செல்கிறோம். உங்கள் வீட்டு மாமியோ, உம்மாவோ, பெரியப்பாவோ இதைக் கேட்கத் தெரியாமல் காத்திருக்கக்கூடும். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் செல்லுங்கள். நம் முதியோரின் உடைமைகளையும் உள்ளங்களையும் அல்லாஹ் காத்தருள்வானாக.